அஞ்சுக்குப் பொறவு

போன வாரம் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்றபடி, "அம்மா, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றான். கண்ணாடியைத் தேடி எடுத்து, போனைத் தூரமாகப் பிடித்து, கிட்டமாகப் பிடித்து, "ரெண்டு! ஆறு! ஆறு! ஒம்போது!" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மெதுவாச் சொல்லுங்கம்மா, தெருவுக்கே கேக்குது" என்றான். நான் என்ன செய்யட்டும், வாத்திச்சி தொண்டை. எனக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், தொண்டைக்குக் கொடுக்கவில்லை. அவன் சிலிண்டரை உருட்டி வைத்துவிட்டுப் போன பிறகு உள்ளே வந்து பார்த்தால், பாதி குடித்துவிட்டு வைத்த காபி ஆறிப்போயிருந்தது.

ஒரே காலை வேளையில் மூன்று ஆறு. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தெய்வானை அக்கா இருந்திருந்தால், "ஏன்டி, வாய் கூசாமச் சொல்றியே" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார். காபி ஆறிப்போச்சு என்று அவர் வாயால் ஒருநாளும் நான் கேட்டதில்லை. "காபி சூடெறங்கிருச்சு" என்பார். வெள்ளாற்றில் தண்ணீர் வந்தால், "டவுனுக்குத் தெக்க வெள்ளம் போகுதாம்" என்பார். பிள்ளைகளை முகம் கழுவச் சொல்ல மாட்டார், மூஞ்சியைத்தான் கழுவச் சொல்வார். எண்ணும்போது அஞ்சு வரைக்கும் தடங்கலில்லாமல் வருவார். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, "அஞ்சுக்குப் பொறவு" என்பார். அடுத்தது ஏழு. காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியவில்லையென்றால் உங்களுக்கு வயசு குறைவு, சந்தோஷப்படுங்கள். அவருடைய வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகம்.

விராலிமலைக்கு நேர்ந்து பிறந்த பிள்ளையாம், அதனால் அந்தப் பெயர். தெய்வானை என்ற பெயருக்காகவே பெண் கேட்டு வந்தார்களாம். பேர்ப் பொருத்தம் அப்படிப் பொருந்தியது, சொல்லத்தான் முடியாது. புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. என்னைப் பெற்றவளும் என் அப்பா பேரைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் என்னை முன்னால் தள்ளி, "நீ சொல்லுடி" என்பாள். ஆனால் அவளெல்லாம் பேரை மட்டும்தான் விட்டாள். தெய்வானை அக்காவும் முதலில் அப்படித்தானாம். டவுனில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மனுசனுக்குத் தவிட்டுத் தூசியோ தலையெழுத்தோ, நெஞ்சில் சீக்கு வந்து வீட்டோடு படுத்த பிறகுதான், அந்தப் பேரில் பாதி வருகிற வார்த்தை, கால்வாசி வருகிற வார்த்தை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். முழுப் பேரைச் சொன்னால் முழு ஆயுசுக்குச் சேதம் என்றால், பாதிப் பேருக்குப் பாதிச் சேதமாவது இருக்காதா? கணக்கு டீச்சர் அல்லவா, கணக்காகத்தான் பயந்தார்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு மூணு மணிக்குடி" என்றார். சரி, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் வரும்போல என்று ரெண்டு மணிக்கே போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். வெயில் சாய்ந்தது, ஆடு மாடு வீடு திரும்பியது, பஸ் வந்தபாடில்லை. ரெண்டு மூணு என்றால் ரெண்டு தடவை மூணு! ஆறு மணி பஸ்! தூசியில் வெந்து கருவாடாகிப் பஸ் ஏறிப் போனவள், அடுத்த வாரம் வந்து சண்டை பிடித்தேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார். "எட்டாப்புக்கு மேல படிச்சிருக்க, ரெண்டு மூணு எவ்வளவுன்னு தெரியலையே ஒனக்கு" என்று என்னையே கேலி பண்ணினார்.

சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துவிட்ட பிறகு, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் முளைத்துக்கொண்டிருந்தது. அன்னவாசலுக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவே ஒரு ஊர். பேரைச் சொல்ல மாட்டேன், எனக்கும் சொல்லக்கூடாத பேர் ஒன்று இருக்கட்டுமே. அங்கே ஒரு பெரிய விவசாயி தன் சொந்த இடத்தில் கட்டி நடத்திய பள்ளிக்கூடம். அவரை எல்லோரும் மேனேஜர் என்றே கூப்பிடுவார்கள். நீளமான ஒரே கொட்டகை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். ஒன்றாம் வகுப்பில் நான் "அணில், ஆடு" என்றால் அந்தப் பக்கம் தெய்வானை அக்கா நடத்தும் கணக்கோடு கலந்து, "ஆடு எட்டு நாப்பது" என்று எவனாவது கத்துவான். தட்டி வழியே ஒருவர் பாடம் ஒருவருக்குத் தெரியும், ஒருவர் கோபம் ஒருவருக்குத் தெரியும். ஊமத்தை இலையும் கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுகிற அந்தக் கசப்பு வாசனை இப்போதும் என் நகக்கண்ணில் இருப்பதாகச் சில நாள் எனக்குத் தோன்றும்.

அந்தப் பக்கமெல்லாம் செம்மண், கடலை விளைகிற பூமி. கடலை பிடுங்க ஆண்களும் பெண்களும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள், ஒன்றாகத்தான் குனிவார்கள். கரையேறும்போது ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதிதான். ஏன் என்று கேட்பாரில்லை. மேனேஜர் காட்டிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வருகிற மனுசன். காட்டு வழக்கத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கவர்மெண்டு கணக்கில் வாத்தியாருக்கும் வாத்திச்சிக்கும் ஒரே சம்பளம்தான். ஆனால் எங்கள் இரண்டு பேர் கைக்கு வரும்போது அதில் ஒரு கடி கடித்திருக்கும். கேட்டால், "பள்ளிக்கூடத்துக் கூரைக்கு" என்பார். எங்களோடு வேலை பார்த்த மாணிக்கம் சார் சம்பளத்தில் அந்தக் கடி இருக்காது. வெயிலும் மழையும் பொம்பளைகள் தலையில் மட்டும்தான் விழும் போலிருக்கிறது. நான் ஒருமுறை வாய் துடுக்காகக் கேட்டதற்கு, "பொம்பளச் சம்பளம் பூ வாங்க, ஆம்பளச் சம்பளம் புழுங்கரிசி வாங்க. போ ஆத்தா, போய்ப் பாடத்தப் பாரு" என்றார். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

தெய்வானை அக்கா வீட்டில் பூவா வாங்கினார்கள்? நான் அவர்கள் வீட்டின் பக்கவாட்டு அறையில்தான் குடியிருந்தேன். அந்தச் சம்பளத்தில் அரிசி வாங்கி, வாடகை கொடுத்து, அண்ணனை (அக்கா வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) டவுன் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குக் கூட்டிப்போய்வர பஸ்சுக்குக் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. டாக்டரோ, "ஊசி பாதிதான்மா, சாப்பாடுதான் மருந்து. தினம் முட்டையும் பாலும் குடுக்கணும். நெஞ்சுல வலு இல்லன்னா ஊசி என்ன செய்யும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா கோழி வளர்த்துப் பார்த்தார், கீரி கொண்டுபோனது. தன் சோற்றைக் குறைத்துப் பார்த்தார், அவரே ஒருநாள் வகுப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு தொடங்க உத்தரவு வந்தது. அதுவரை அஞ்சோடு சரி. இருந்த தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால், ஆறாம் வகுப்பை எடுக்கிறவரே தலைமையாசிரியர், அதற்குண்டான சம்பளம் என்று முடிவானது. தகுதியைப் பார்த்தால் போட்டியே கிடையாது. தெய்வானை அக்கா டவுன் ஹைஸ்கூலில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, செகண்டரி கிரேடு டிரெய்னிங்கும் முடித்தவர். மாணிக்கம் சாரும் நானும் எட்டாவது முடித்து ஹையர் கிரேடு, பேரில்தான் ஹையர், அக்கா படிப்புக்கு ஒரு படி கீழே. மாணிக்கம் சார் நல்ல மனுசன், அதில் ஒன்றும் குறையில்லை. பின்னக் கணக்கு வந்தால் மட்டும் அவருக்கு வயிற்று வலி வந்துவிடும். தட்டிக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டி, "டீச்சர், இது கீழ உள்ளத மேல போடணுமா, மேல உள்ளதக் கீழ போடணுமா?" என்று அக்காவிடம்தான் கேட்பார்.

"அந்த வேல மட்டும் கெடச்சிட்டா அவுகள எழுப்பி ஒக்கார வச்சிருவேன்டி" என்று அக்கா என்னிடம் சொன்னார். அவ்வளவுதான் அவர் கேட்டது. தலைமையாசிரியர் நாற்காலி, ஊர் மரியாதை எதுவும் அவர் நினைப்பில் இல்லை. முட்டையும் பாலும் ஊசியும்தான் இருந்தது.

மேனேஜருக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும்தானே. ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளை விட்டதும் வந்து நின்றுகொண்டு, "என்ன ஆத்தா, ஆறாப்பு வாத்தியாரம்மா ஆகணும்னு மனுக் குடுத்திருக்கியாமே. ஆறாப்புன்னு ஒருக்காச் சொல்லு, பாப்பம்" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கினார். "மேல் வகுப்புங்க" என்றார் மெதுவாக. மேனேஜர் சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்த புறா பறந்தது. "மேல் வகுப்பாம்! இன்ஸ்பெட்டரு வர்றாரு ஆத்தா. அவருகிட்டயும் மேல கீழன்னு சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாணிக்கம் சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் விளக்கேற்றுகிற நேரம். அண்ணன் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் வாய்க்கு மட்டும் சீக்கு வரவில்லை அவருக்கு. எந்நேரமும் கேலிதான்.

"இந்தா, தெய்வான, இங்கிட்டு வந்து ஒக்காரு. என் மூஞ்சியப் பாரு. சொல்லு, ஆறு."

"சும்மா இருங்க. வெளக்கு வைக்கிற நேரத்துல."

"நாளைக்கு அந்தாளு கேப்பாருல்ல?"

"கேட்டா புள்ளைக சொல்லும்."

"சம்பளம் புள்ளைகளுக்கா குடுக்கப் போறாக? சொல்லுடி. எனக்கு ஒண்ணும் ஆகாது. தங்கச்சி, நீ சொல்லிக் குடும்மா இவளுக்கு" என்று என்னையும் இழுத்தார்.

நான் சிரித்துக்கொண்டே, "ஆனா ஆவன்னாதானேக்கா, ஆவன்னாவ மட்டும் சொல்லுங்க" என்றேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு கையை எடுத்து, வாயைத் திறந்து, "ஆ..." என்றார். அந்த நேரம் பார்த்தா அண்ணனுக்கு இருமல் வர வேண்டும்? இருமல் என்றால் சாதாரண இருமலா, கட்டிலே ஆடியது. அக்கா ஓடிப்போய் மணல் போட்ட சட்டியை எடுத்துவந்து பிடித்துக்கொண்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "பாத்தீங்கள்ல, வாயத் தொறந்ததுக்கே பாத்தீங்கள்ல" என்று அழுதார். "அடி கிறுக்கி, இது நேத்தும்தான் இருந்துச்சு" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. படித்தவள்தான் நானும். ஆனால் அந்த இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மூடின கோட்டு, குடை, கூட ஒரு பியூன். மேனேஜர் வீட்டுப் பக்கமிருந்து கோழிக் குழம்பு வாசனை காலையிலேயே வந்துவிட்டது. என் வகுப்பைப் பார்த்து, "பரவால்ல" என்றார். மாணிக்கம் சார் வகுப்பில் பூகோளம் நடந்தது, தலையாட்டினார். பிறகு அக்கா வகுப்பு. தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்க, நான் காதை அங்கேதான் வைத்திருந்தேன்.

அக்காவின் முறை வேடிக்கையாக இருக்கும். எண் வரிசையில் அந்த இடம் வந்ததும் பிரம்பை மேலே தூக்குவார். வகுப்பு மொத்தமும் "ஆறு!" என்று கூரை அதிரக் கத்தும். கூட்டலில் அந்த விடை வந்தால் பிரம்பு தூக்குவார், பிள்ளைகள் கத்தும். அதனாலேயே அந்த வகுப்பில் ஒரு மண்டுவுக்குக்கூட ஆறு மறக்காது. அன்றைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இன்ஸ்பெக்டர் திடீரென்று, "ஆறாம் வாய்ப்பாடு. நீங்க சொல்லுங்க டீச்சர், பின்னாடி பிள்ளைங்க சொல்லட்டும்" என்றார். அக்கா முன்வரிசைப் பெண் ஒருத்தியை எழுப்பி விட்டார். அது கணீரென்று சொன்னது. இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவர் காதோரம் குனிந்தார். "அதுக்கு வராது சார்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

இன்ஸ்பெக்சன் நாள் அரை நாள் லீவு. மணியடித்ததும் பிள்ளைகள் ஒன்றுகூட நிற்காமல் ஓடிவிட்டார்கள். நான் சிதறிக்கிடந்த பலகைகளை அடுக்குகிறேன் என்று கீழே உட்கார்ந்துகொண்டேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரும் மேனேஜரும் நாற்காலியில். மாணிக்கம் சார் சுவரோரம். நடுவில் அக்கா.

"ஏம்மா, எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்கீங்க. ஆறாம் வாய்ப்பாடு தெரியாதா?"

"தெரியும் சார்."

"சொல்லுங்க."

 நாற்காலி ஒன்று கிரீச்சென்றது.

"நான்தான் சொன்னேனே சார், வீட்டுக்காரரு பேரு அது. கட்டிப் போட்டாலும் சொல்லாது" என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இறங்கித்தான் பேசினார். "அம்மா, உங்க நம்பிக்கையக் குத்தம் சொல்லல. எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா ஆறாம் வகுப்புக்கு வர்றவங்க ஆறுன்னு சொல்லலைன்னா நான் என்னன்னு கையெழுத்துப் போடுறது?"

தட்டியின் இடுக்கில் எனக்கு அக்காவின் கை மட்டும் தெரிந்தது. அது மெதுவாக மேலே போய், சேலைக்குள் தாலியைப் பிடித்துக்கொண்டது. சொல்லிவிட வேண்டுமே என்று நான் வேண்டினேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் வேண்டினேன். இரண்டையும் ஒரே சாமியிடம்தான் வேண்டினேன், அந்தச் சாமி பேரும் ஆறுமுகம்தான்.

"ஓராறு ஆறு."

யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அக்காவின் குரல் அப்படி இருக்காது. "ஈராறு பன்னிரண்டு. மூவாறு பதினெட்டு. நாலாறு இருபத்துநாலு. ஐயாறு முப்பது." அங்கே நின்றுவிட்டது. அடுத்த வரியில் மூன்று முறை வருகிறதே. அஞ்சுக்குப் பிறகு வருகிற அந்த இடம். என் கையிலிருந்த பலகை நழுவப் பார்த்தது, மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். 

"ஆறாறு முப்பத்தாறு" என்றார் அக்கா. அதற்கப்புறம் நிற்கவே இல்லை. பத்தோடு விட்டிருக்கலாம், யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. "பதினாறாறு தொண்ணூற்றாறு" வரைக்கும் ஒரே மூச்சாகச் சொல்லி முடித்தார்.

"நல்லாச் சொன்னீங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறம் என்ன மேனேஜர்?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "தகுதி இல்லன்னு யாரு சொன்னா சார்? நல்லாப் படிச்ச புள்ள. ஆனா இது காட்டூரு. ஆறாப்புக்கு வர்ற பய மீசையோட வருவான். பொம்பளைக்கு அடங்குவானா? நாளைக்குப் பேறுகாலம்னு லீவு கேக்கும். வீட்டுல வேற சீக்காளி. மாணிக்கம் புள்ளகுட்டிக்காரன், மேக்கொண்டு நாலு காசு வந்தா ஒரு குடும்பம் பொழைக்கும். நிர்வாகம் போன வாரமே பேசி முடிவு பண்ணிருச்சு சார்."

 பிறகு இன்ஸ்பெக்டர், "நிர்வாகம் சொல்றதும் ஒரு வகையில... சரி, மாணிக்கம் பேரையே வச்சுக்குங்க. நீங்க மனசு விட்டுடாதீங்கம்மா. உங்களுக்கு என்ன, சம்பாதிக்க வீட்ல ஆம்பளை இருக்காருல்ல" என்றார். இப்போதுதான் சீக்காளி என்று சொன்னார்கள், அது அந்த ஆள் காதில் ஏறவேயில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. "போன வாரமே முடிவு பண்ணிட்டீகன்னா, அப்பறம் எதுக்கு சார் என்னச் சொல்ல வச்சீங்க?" என்று கேட்டார்.

 இன்ஸ்பெக்டர் குடையை எடுத்துக்கொண்டார். மேனேஜர், "வாங்க சார், சாப்பாடு சூடெறங்குது" என்றார். படுபாவி, அந்த நேரத்தில் அவருக்கு அக்காவின் வார்த்தைதான் கிடைத்ததா!

வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா முன்னால் வேகமாக நடந்தார். நான்தான் மேனேஜரின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டு வந்தேன். வீட்டுக்கிட்டே வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "நீ ஒண்ணும் கேக்கலடி" என்றார்.

"கேட்டேனேக்கா. எல்லாம் கேட்டேன்."

"கேக்கல. எம்மேல சத்தியம்."

அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டிருந்தார், அவரே இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரி. "என்னாச்சு?" என்றார்.

"கெடைக்கல."

"ஏன்?"

அக்கா உள்ளே போய்ச் செம்புத் தண்ணீரை மளமளவென்று குடித்துவிட்டு வந்தார். "அதச் சொல்லச் சொன்னாக. நான் சொல்லல. அதான் கெடைக்கல" என்றார்.

நான் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார், கேலியாவது பண்ணுவார் என்று நினைத்தேன். "சொல்லலையா?" என்று ஒரு தடவை கேட்டார். "சொல்லல" என்றார் அக்கா. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது போல அவர் ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "கிறுக்கி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சொல்லு சொல்லு என்று அத்தனை கேலி பேசிய மனுசனுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. அது அக்காவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அந்த நிமிசம் வரைக்கும் தெரியவில்லை.

ஆனி மாதம் ஆறாம் வகுப்பு தொடங்கியது. மாணிக்கம் சார் தலைமையாசிரியர். பின்னம் வந்தபோது அவருக்கு வழக்கமான வயிற்று வலி வந்தது. "கணக்கையும் இங்கிலீசையும் தெய்வான பாத்துக்கட்டும், ஒரு ஒத்தாசைக்கு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆக, வேலை அக்காவுக்கு, சம்பளம் அவருக்கு. மீசையோடு வந்த பயல்கள் அக்காவிடம் பூனைக்குட்டி மாதிரி இருந்தார்கள். அங்கேயும் அவர் பிரம்பைத் தூக்குவார், மேல் வகுப்பு என்பார், அஞ்சுக்குப் பொறவு என்பார். ஒருமுறை சொன்ன வாய்க்கு அப்புறம் என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். சொல்லவில்லை என்று வீட்டில் சொன்னதைக் காப்பாற்ற வேண்டாமா?

தோட்டைக் கழற்றினார், மேனேஜர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கே காலையும் மாலையும் டியூஷன் எடுத்தார், முட்டை வாங்கினார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார், நடமாடினார், கடைசியில் அன்னவாசலில் ஒரு கடையில் கணக்கெழுதவும் போனார். ஆயுசுக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அப்புறம், மேனேஜருக்கு அப்புறம், மாணிக்கம் சாருக்கும் அப்புறம்தான் போய்ச் சேர்ந்தார். இருந்தவரைக்கும் போகிற வருகிறவரிடமெல்லாம், "நான் உசுரோட இருக்கேன்னா இவதான். எனக்காக அம்மாம் பெரிய வேலையவே வேணாம்னுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் சொல்வார். அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். மேனேஜரும் அதையேதான் ஊரில் சொன்னார். அவருக்கு அதைவிட வசதி வேறென்ன இருக்கிறது?

அண்ணன் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா, "இனிமேலாவது நடந்ததச் சொல்லிரலாமேக்கா" என்றேன். "அவுக நம்பிட்டுப் போனது அப்படியே இருக்கட்டும்டி" என்றார். "அந்தப் பேர இனிச் சொன்னா என்னக்கா, யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றேன். "ஒருக்காச் சொன்னேன்ல, அது போதும்" என்றார்.

போன தை மாதம் டவுனில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே மேனேஜரின் பேரன், அக்காவிடம் டியூஷன் படித்தவன்தான், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான்: "அந்தக் காலத்துல எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர். ஆறுன்னு சொல்ல மாட்டேன்னு ஹெட்மாஸ்டர் வேலையவே விட்டுருச்சு. பொம்பளைகள்லாம் முன்னேறாம இருந்ததுக்கு அவுங்கதான் காரணம்." அந்தப் பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம், அவளும் சிரித்தாள். "டேய், அது பொய்டா!" என்று நான் போட்ட சத்தத்தை மேளக்காரன் விழுங்கிவிட்டான். "என்ன டீச்சர், பாயசமா?" என்று கேட்டான் அவன். என் இலையில் பாயசம் அப்படியே இருந்தது.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளை மஞ்சள் வேன் டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. மூங்கில் தட்டியைக் கரையான் தின்றுவிட்டது. வாய்ப்பாடு சொல்கிற சத்தம் எந்தத் தெருவிலும் கேட்பதில்லை. என் தங்கை பேத்தி புருசனை மாடியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவனும் ஏன் என்று கேட்டுக்கொண்டு படியேறி வருகிறான். நல்லா இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அக்காவும் இல்லை. அதனால் சத்தியம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்கா சொன்னார். ஓராறு ஆறிலிருந்து பதினாறாறு தொண்ணூற்றாறு வரை சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டேன்.